கோபால்ட்டும் வினிகரும்

எங்கள் பக்கத்துக் கிராமங்களில் கர்ப்பிணிப் பெண்களுக்கு அரசு கொடுக்கும் உதவித்தொகைக்கு ‘முத்துலட்சுமி பணம்’ என்று பெயர். “முத்துலட்சுமி பணம் ஏறிருச்சா?” என்று பேங்க் வாசலில் ஒருத்தரை ஒருத்தர் விசாரித்துக்கொள்வார்கள். யார் அந்த முத்துலட்சுமி என்று ஒன்பதாம் வகுப்பில் ஒருநாள் கேட்டேன். “ஏதோ அம்மன் பேரு டீச்சர்” என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி, “இல்ல டீச்சர், மந்திரி பொண்டாட்டி” என்றாள். நம்ம புதுக்கோட்டையில் பிறந்தவர், டாக்டர் என்று சொன்னபோது வகுப்பில் யாரும் பெரிதாக அசரவில்லை. ஊரில் பிறந்தவர்களைப் பற்றி ஊருக்கு அவ்வளவுதான் அக்கறை.

படித்தவர்களைக் கேட்டால் தேவதாசி முறை ஒழிப்பு, சட்டமன்றத்தில் முதல் பெண் உறுப்பினர், அவ்வை இல்லம் என்று சொல்வார்கள். எல்லாம் சரிதான். ஆனால் எங்கள் குடும்பத்துக்கு அவர் கேன்சர் ஆஸ்பத்திரிக்காரர். 1991-இல் என் பெரியம்மாவைக் கூட்டிக்கொண்டு நான் அடையாறு போனேன். அப்போது தொடங்கிய ஒரு கேள்வியின் பின்னால்தான் இத்தனை வருஷமாகக் கையில் கிடைத்ததையெல்லாம் படித்துக்கொண்டிருக்கிறேன். வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு மிஷினும் ஒரு படிப்பும் ஒரு முறையும் அறந்தாங்கிப் பக்கத்துக் கிராமத்துப் பெண்ணின் உடம்பு வரைக்கும் எப்படி வந்து சேருகிறது? வழியில் எங்கே நின்றுபோகிறது?

பெரியம்மா எங்கள் வீட்டோடு இருந்தவர். சின்ன வயதிலேயே கணவரை இழந்தவர். மாதவிலக்கு நின்று ஆறேழு வருஷம் கழித்து மறுபடி ரத்தம் பட ஆரம்பித்தது. ‘பெரும்பாடு’ என்றார்கள் ஊர்ப் பெண்கள். கொஞ்ச நாள் கைவைத்தியம். அப்புறம் டவுனில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஒன்றேகால் வருஷம் டானிக்கும் மாத்திரையும் கொடுத்தார்கள். அந்த ஒன்றேகால் வருஷத்தில் ஒருவர்கூட உள்ளே பரிசோதித்துப் பார்க்கவில்லை. பெரியம்மாவும் காட்டச் சம்மதித்திருக்க மாட்டார் என்பது வேறு விஷயம். யாரும் கேட்கவே இல்லை என்பதுதான் விஷயம். வாடை வந்த பிறகுதான் பெரிய டாக்டரிடம் போனோம். கர்ப்பப்பை வாயில் புற்று, முற்றிவிட்டது, “அடையாறுக்குக் கொண்டுபோங்க, கரண்ட் வைக்கணும்” என்றார்.

கரண்ட் வைக்கிறது. கதிர்வீச்சு என்று அச்சில் எழுதுவதை எங்கள் பக்கம் இன்றைக்கும் இப்படித்தான் சொல்கிறார்கள். பெரியம்மா நிஜமாகவே மின்சாரம் பாய்ச்சுவார்கள் என்று நம்பிக்கொண்டு திருவள்ளுவர் பஸ்ஸில் ராத்திரி முழுக்கத் தூங்காமல் வந்தார். “ஏத்தா, ஷாக் அடிக்குமா?” என்று விழுப்புரம் தாண்டி ஒருமுறை கேட்டார். எனக்கு இருபத்தொரு வயது. தெரியாது என்று சொல்ல வெட்கப்பட்டு, “லேசாத்தான் இருக்கும் பெரியம்மா” என்றேன். உண்மையில் எதுவுமே தெரியாது அந்தச் சிகிச்சையில். ஒரு பெரிய அறை, கனத்த கதவு, மேலே ஒரு உலோகத் தலை, சில நிமிஷம் தனியாகப் படுத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். “ஒண்ணுமே செய்யலையே, எதுக்கு அனுப்பிச்சாங்க?” என்று முதல் நாள் வெளியே வந்ததும் கோபித்துக்கொண்டார்.

காத்திருக்கிற இடத்தில் தெலுங்கு, மலையாளம், யாழ்ப்பாணத் தமிழ் எல்லாம் கேட்டது. ஆரம்பித்தவர் உங்க ஊர்க்காரர்தான் என்று வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு அம்மா எனக்குச் சொன்னார். புதுக்கோட்டைக்காரிக்கு அதை வேலூர்க்காரர் சொல்லவேண்டியிருந்தது.

முத்துலட்சுமி 1886-இல் பிறந்தார். அப்பா நாராயணசாமி ஐயர், மகாராஜா கல்லூரியின் முதல்வர். அம்மா சந்திரம்மாள், இசை வேளாளர் மரபு. பெண்ணைக் கல்லூரியில் சேர்க்கக் கூடாது என்று எதிர்ப்புக் கிளம்பியபோது மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அனுமதி கொடுத்தார். நாங்கள் இன்று மன்னர் கல்லூரி என்று சொல்லும் அதே கல்லூரி. 1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரி, 1912-இல் பட்டம். இதெல்லாம் பாடப்புத்தகத்தில் உண்டு. அவருடைய தங்கை மலக்குடல் புற்றில் இறந்ததும், நோய் இன்னதென்று சரியாகக் கண்டுபிடிக்கப்படாமல் நாள் கடந்துபோனதும் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. டாக்டர் வீட்டிலேயே அப்படி நடந்திருக்கிறது. 1925-இல் பெண்கள், குழந்தைகள் நோய் பற்றிய மேல்படிப்புக்காக லண்டன் போனபோது அங்கே புற்றுநோய்க்கென்றே இருந்த ராயல் கேன்சர் ஆஸ்பத்திரியைப் பார்த்தார். ஒரே ஒரு நோய்க்கு ஒரு தனி ஆஸ்பத்திரி, அதற்கென்றே பழகிய டாக்டர்கள், அதற்கென்றே நர்சுகள். அதுதான் அவர் மூட்டை கட்டிக்கொண்டு வந்த சரக்கு.

திரும்பி வந்து கட்டிவிடவில்லை. முப்பது வருஷம் ஆனது. 1935-இல் மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவில் பேசும்போது இந்த ஆசையைச் சொன்னார். 1949-இல் இந்திய மாதர் சங்கத்தின் பெயரில் நிதி திரட்டத் தொடங்கினார். கேன்சர் வந்தால் சாகத்தானே போகிறார்கள், எதற்கு ஆஸ்பத்திரி என்ற தோரணையில் ஆட்சியில் இருந்தவர்களே கேட்டதாக டாக்டர் சாந்தா பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அந்தக் கேள்வி கொடூரமானது என்று இன்றைக்குத் தோன்றும். அன்றைக்குக் காலராவும் அம்மையும் காசநோயும் இருந்த நாட்டில் அது கணக்குப் பார்த்துக் கேட்ட கேள்வி. 1952-இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954-இல் 12 படுக்கைகளோடு ஆஸ்பத்திரி தொடங்கியது. முத்துலட்சுமிக்கு அப்போது 68 வயது. வெளிநாட்டில் புற்றுநோய் மருத்துவம் பயின்று வந்திருந்த அவருடைய மகன் கிருஷ்ணமூர்த்தியும், அடுத்த வருஷம் வந்து சேர்ந்த சாந்தாவும் அங்கேயே தங்கிவிட்டார்கள். சாந்தா 2021 ஜனவரியில் சாகும்வரை அந்த வளாகத்தை விட்டுப் போகவில்லை.

1957-இல் கோபால்ட் மிஷின் வந்தது. என் பெரியம்மா படுத்தது அந்த முதல் மிஷினில் இல்லை, அதன் வழிவந்த ஒன்றில். ஆனால் அந்த முதல் மிஷினின் கதை எனக்குப் பிடித்தமானது. கனடாவில் சாக் ரிவர் என்ற இடத்தில் ஒரு அணு உலை இருந்தது. அதற்குள் சாதாரண கோபால்ட்டைப் போட்டு எடுத்தால் கதிர் வீசும் கோபால்ட் 60 கிடைக்கும். அதை ஈயக் கவசத்துக்குள் வைத்து, ஒரு துவாரம் வழியாக உடம்புக்குள் செலுத்தி முதன்முதலில் சிகிச்சை கொடுத்தது 1951 அக்டோபரில், கனடாவின் லண்டன் நகரில். அதற்கு முன்னால் இருந்த எக்ஸ்ரே சிகிச்சையில் தோல்தான் முதலில் வெந்துபோகும். கோபால்ட் கதிர் தோலை ஓரளவு விட்டுவிட்டு ஆழத்தில் வேலை செய்யும். கர்ப்பப்பை போல ஆழத்தில் இருக்கிற புற்றுக்கு அது பெரிய வித்தியாசம். உலகத்தில் முதல் நோயாளி படுத்து ஆறே வருஷத்தில் அந்தக் கனடா மிஷின், எல்டராடோ என்று பெயர், அடையாறில் நின்றது. 12 படுக்கையோடு ஆரம்பித்த ஒரு தர்ம ஆஸ்பத்திரியில்.

இதைச் சர்வதேச ஒத்துழைப்பு என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடலாம். ஆனால் கோபால்ட் ஒரு வினோதமான பொருள். ஐந்தே கால் வருஷத்தில் அதன் வீரியம் பாதியாகிவிடும். பத்தரை வருஷத்தில் கால்வாசி. மிஷின் அப்படியே பளபளவென்று நிற்கும். உள்ளே சரக்கு தேய்ந்துகொண்டே இருக்கும். முதலில் இரண்டு நிமிஷம் படுத்த நோயாளி பிறகு நாலு நிமிஷம் படுக்க வேண்டும், வெளியே வரிசை நீளும். எவ்வளவு தேய்ந்தது என்று கணக்குப் போட ஒரு பௌதிக நிபுணர் வேண்டும். கனத்த கான்கிரீட் சுவர் வேண்டும். புதுச் சரக்கு வாங்கப் பணமும் அதைக் கப்பலில் கொண்டுவர அனுமதியும் வேண்டும். மிஷினைக் கொடுத்தவர் ரிப்பன் வெட்டிவிட்டுப் போய்விடுவார். ஐந்தே கால் வருஷத்துக்கு ஒருமுறை வரும் பாதிக்கணக்கை ஊர்க்காரர்தான் சமாளிக்க வேண்டும். அடையாறு சமாளித்தது என்பதுதான் சாதனை. ஆப்பிரிக்காவில் கதிர் மிஷினே இல்லாத நாடுகள் இன்னும் இருக்கின்றன. மிஷின் இருந்தும் பழுது பார்க்க ஆளில்லாமல் பூட்டிக் கிடந்த இடங்களும் உண்டு.

கனடாவோடு நமக்கு இருந்த அணு உறவு 1974-இல் பொக்ரானில் குண்டு வெடித்ததோடு முறிந்தது. கனடா உதவியில் கட்டிய உலையிலிருந்துதான் அந்தக் குண்டுக்கான புளூட்டோனியம் வந்தது. அதே கனடாவின் துணையோடு தொடங்கிய ராஜஸ்தான் அணுமின் நிலையத்தில்தான் பிறகு நமக்கான கோபால்ட்டும் தயாரானது. உதவி என்பது கொடுத்தவர் நினைத்த வழியில் மட்டும் போவதில்லை; நல்ல வழியிலும் கெட்ட வழியிலும் திரும்பும். பின்னாளில் பாபா அணு ஆராய்ச்சி மையம் ‘பாபாட்ரான்’ என்று சொந்தமாக ஒரு கோபால்ட் மிஷின் செய்தது. வியட்நாமுக்கும் கென்யாவுக்கும் இந்தியா அதைக் கொடுத்தது. அங்கேயும் யாரோ ஒரு பெரியம்மா ஷாக் அடிக்குமா என்று கேட்டிருக்கலாம்.

மிஷினைவிடப் படிப்பு வந்ததுதான் பெரிதாகப் பலித்த இடமும் ஒன்று உண்டு. குழந்தைகளுக்கு வரும் ரத்தப் புற்று. 1980-களின் தொடக்கம் வரை நம் நாட்டில் அந்த நோய் வந்த ஐந்து குழந்தைகளில் ஒன்று பிழைப்பதே அரிது. 1984-இல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் மருத்துவர் இயன் மக்ராத்தோடு சேர்ந்து அடையாறு, மும்பை டாட்டா, டெல்லி எய்ம்ஸ் மூன்றும் ஒரே மருந்து முறையைக் கையாள முடிவு செய்தன. எம்.சி.பி. 841 என்று அதற்குப் பெயர். அமெரிக்க முறையை அப்படியே நகல் எடுக்கவில்லை. இங்கே கிடைக்கிற மருந்து, இங்கே குழந்தைகளுக்கு வரும் தொற்று, இங்கே தாங்குகிற உடம்பு இதையெல்லாம் வைத்து அமைத்தார்கள். ஏறத்தாழப் பாதிக் குழந்தைகள் பிழைக்கத் தொடங்கினார்கள். முதல் சில வருஷங்களில் மருந்தின் கடுமையைத் தாங்காமல் இறந்த குழந்தைகளும் அதிகம். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் வார்டு நடத்தக் கற்றுக்கொண்டார்கள் என்று அந்த இருபது வருஷ அனுபவத்தைத் தொகுத்து வந்த கட்டுரை சொல்கிறது. சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லியிருக்கிறார்கள்.

இன்னொன்று, எண்ணுவது. புற்றுநோய் யார் யாருக்கு வருகிறது என்று எண்ணாமல் எதையும் கட்டுப்படுத்த முடியாது. சென்னையில் 1982-இலிருந்து ஒரு பதிவேடு இருக்கிறது. அடையாறு ஆட்கள் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போய், இறப்புப் பதிவு அலுவலகங்களில் உட்கார்ந்து, ஒரே ஆள் இரண்டு பெயரில் பதிவாகியிருந்தால் அதைக் கழித்து, கையால் எழுதி எழுதிச் சேர்த்த கணக்கு. பிரான்சில் லியோன் நகரில் இருக்கும் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை உலகம் முழுக்க இப்படியான பதிவேடுகளைத் தரம் பார்த்துத் தொகுப்பாக வெளியிடுகிறது. அதில் சென்னைக்கும் இடம் உண்டு. சென்னையில் பெண்களிடம் முதலிடத்தில் இருந்த கர்ப்பப்பை வாய்ப் புற்று பிறகு குறைந்து, மார்பகப் புற்று முந்திக்கொண்டது நமக்குத் தெரியும் என்றால் அந்தக் குமாஸ்தா வேலையால்தான்.

பெரியம்மா 1993-இல் ஊரில் இறந்தார். கரண்ட் வைத்ததில் ரத்தம் நின்றது, வாடை போனது, ஏறக்குறைய ஒன்றரை வருஷம் நன்றாகவே நடமாடினார். பிறகு திரும்பிவிட்டது. தமிழ்நாடு முழுவதற்குமான புற்றுநோய்ப் பதிவு 2012-இல்தான் தொடங்கியது. அதற்கு முன்னால் புதுக்கோட்டை மாவட்டத்தில் யாருக்குப் புற்று வந்தது, யார் செத்தார்கள் என்று எந்தக் கணக்கும் இல்லை. அடையாறு ஆஸ்பத்திரியின் ஃபைலில் அவர் பெயர் இருக்கும். மாவட்டத்துக்கு இவ்வளவு என்று சொல்லும் எண்ணிக்கை எதிலும் அவர் இல்லை. கணக்கில் வராத சாவுக்குத் திட்டம் யார் போடுவார்கள்?

அடுத்து நான் சொல்லப்போவது திண்டுக்கல் விஷயம். இதை இங்கே பலருக்குத் தெரியாது. லியோனில் தெரியும், ஜெனீவாவில் தெரியும்.

கர்ப்பப்பை வாய்ப் புற்று ஒரே நாளில் வருவதில்லை. பாப்பிலோமா வைரஸ் தொற்றி, அது போகாமல் தங்கி, செல்கள் மெல்லத் திரிந்து, புற்றாக மாறப் பத்துப் பதினைந்து வருஷம் எடுத்துக்கொள்ளும். இடையில் கண்டுபிடித்தால் அந்தத் திரிந்த தோலை மட்டும் உறையவைத்தோ வெட்டியோ எடுத்துவிடலாம். மேலை நாடுகளில் இதற்குப் பாப் பரிசோதனை செய்தார்கள். செல்லைச் சுரண்டி எடுத்து, கண்ணாடியில் தடவி, நிபுணர் மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். நம் ஊரில் அத்தனை நிபுணருக்கு எங்கே போவது? அதற்கு மாற்றாக வந்ததுதான் வினிகர். நாலைந்து சதவீத அசிட்டிக் அமிலத்தைப் பஞ்சில் நனைத்துத் தடவி ஒரு நிமிஷம் பொறுத்தால், திரிந்த இடம் வெள்ளையாகத் தெரியும். வெறும் கண்ணால் பார்க்கலாம். நல்ல வெளிச்சமும் பழகிய நர்சும் போதும்.

இது உயிரைக் காப்பாற்றுமா என்று திண்டுக்கல் மாவட்டத்தில் 2000-இல் ஒரு பெரிய ஆய்வு தொடங்கியது. அம்பிளிக்கை என்ற சின்ன ஊரில் இருக்கும் கிறிஸ்தவ மருத்துவ மையம், அடையாறு நிறுவனம், லியோன் முகமை மூன்றும் சேர்ந்து நடத்தியது. லியோனிலிருந்து பார்த்துக்கொண்டவர் கேரளத்துக்காரரான சங்கரநாராயணன். பணம் அமெரிக்காவிலிருந்து, கேட்ஸ் அறக்கட்டளை. 114 ஊராட்சித் தொகுதிகளைக் குலுக்கிப் போட்டு, 57-இல் 30 முதல் 59 வயதுப் பெண்களுக்கு வினிகர்ப் பரிசோதனை, மற்ற 57-இல் வழக்கமான சிகிச்சை வசதி மட்டும் என்று பிரித்தார்கள். முதல் பக்கம் 49,311 பெண்கள், அதில் 31,343 பேர் பரிசோதனைக்கு வந்தார்கள். மறுபக்கம் 30,958 பெண்கள். 2007-இல் லான்செட் இதழில் முடிவு வந்தது. பரிசோதனை நடந்த ஊர்களில் நோய் வருவது 25 சதவீதமும் சாவு 35 சதவீதமும் குறைவு. நர்சும் வினிகரும் டார்ச்சும் சாவைக் குறைக்கும் என்று உலகத்துக்குக் காட்டியது திண்டுக்கல் கிராமத்துப் பெண்கள்தான்.

அதே கட்டுரையின் இன்னொரு எண்ணையும் சொல்ல வேண்டும். பரிசோதனை இல்லாத ஊர்களில் 158 பெண்களுக்குப் புற்று வந்தது, 92 பேர் இறந்தார்கள். குலுக்கலில் அந்தப் பக்கம் விழுந்த ஊர்கள். பரிசோதனை செய்தால் பலன் உண்டு என்று பாப் பரிசோதனை மூலமாக மேலை நாடுகளுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும்போது, எதுவும் செய்யாத ஒரு கூட்டத்தை ஒப்பீட்டுக்காக ஏன் வைக்க வேண்டும் என்று 2014-இல் இந்திய மருத்துவ அறவியல் இதழில் காரசாரமாகக் கேள்வி எழுந்தது. மும்பையிலும் உஸ்மானாபாத்திலும் இதேபோல நடந்த ஆய்வுகளையும் சேர்த்துக் கேட்டார்கள். அமெரிக்காவில் இப்படி ஒரு ஆய்வை நடத்த விடுவார்களா என்பது கேள்வியின் சாரம். வழக்கமாக இந்தியாவில் கிடைப்பது எதுவோ அதுதான் அந்த ஊர்களுக்கும் கிடைத்தது, வழக்கமாகக் கிடைப்பது ஒன்றுமில்லை, நாங்கள் எதையும் பறிக்கவில்லை என்பது ஆய்வு நடத்தியவர்கள் தரப்பின் வாதம்.

இரண்டு பக்கத்தையும் பலமுறை படித்திருக்கிறேன். ‘வழக்கமாகக் கிடைப்பது ஒன்றுமில்லை’ என்ற வாதத்தை நான் ஏற்கவில்லை. ஒன்றுமில்லாமல் இருப்பது இயற்கை விதி இல்லையே. ஆனால் ஆய்வே நடந்திருக்கக் கூடாது என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. அந்த எண்கள் இல்லாவிட்டால் எந்த நிதிச் செயலாளரிடமும் வினிகருக்குக் காசு வாங்கியிருக்க முடியாது. 92 பேர் என்பதை மட்டும் யாராவது திண்டுக்கல்லில் ஒரு கல்லில் எழுதி வைத்திருக்கலாம். சுகாதார மாநாடுகளில் 35 சதவீதத்தைப் போடும் படத்துக்குப் பக்கத்திலாவது அதையும் போடலாம்.

ஆய்வு முடிவு வெளிவந்த காலத்தையொட்டித்தான் உலக வங்கிக் கடனில் நடந்த தமிழ்நாடு சுகாதாரத் திட்டம் தேனி, தஞ்சாவூர் மாவட்டங்களில் இந்தப் பரிசோதனையை முன்னோட்டமாகத் தொடங்கியது. இது நன்கொடை இல்லை, நாம் திருப்பிக் கட்டுகிற கடன். எனக்கென்னவோ கடன்தான் நல்லது என்று படுகிறது; கட்டுகிறவனுக்குக் கணக்குக் கேட்கும் உரிமை இருக்கும். தஞ்சாவூர் எங்களுக்கு அடுத்த மாவட்டம். அங்கே நடப்பது இங்கே வர அஞ்சாறு வருஷம் ஆனது. 2012 வாக்கில் மாநிலம் முழுக்க விரிவானபோது எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் ஒரு நர்ஸ் வந்தார். சர்க்கரை, பிரஷர், மார்பகம், கர்ப்பப்பை வாய் நான்கையும் பார்க்க வேண்டும். முதல் இரண்டுக்கு வரிசை நிற்கும். கடைசி இரண்டு என்றால் வரிசை கலைந்துவிடும்.

என் அண்ணி 1992-இல் எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்தவர். வந்த கொஞ்ச நாளிலேயே பெரியம்மாவுக்கு நோய் திரும்பிவிட்டது. துணி அலசியது, வெந்நீர் வைத்தது, வாடைக்கு வேப்பிலைப் புகை போட்டது எல்லாம் அண்ணிதான், கல்யாணப் புடவை மடிப்புக் கலையாத பெண். 2014-இல் நூறு நாள் வேலை முடிந்து வரும் வழியில் நர்ஸ் மடக்கியபோது மற்றவர்கள் நழுவ, அண்ணி மட்டும், “எனக்குப் பாருங்க நர்ஸம்மா. நான் அந்தச் சாவைக் கையில அலசுனவ” என்றாராம். இதை நர்ஸே பின்னால் என்னிடம் சொன்னார்.

வினிகரில் வெள்ளை தெரிந்தது. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்தார்கள். புதுக்கோட்டையில் மருத்துவக் கல்லூரி 2017-இல்தான் வந்தது. அங்கே பெரிதாக்கிக் காட்டும் கருவியில் பார்த்து, சதை எடுத்துச் சோதித்து, புற்று இல்லை, அதற்கு முந்தைய நிலை என்றார்கள். ஒரு கம்பி வளையத்தில் மின்சாரம் விட்டு அந்த இடத்தை மட்டும் வெட்டி எடுக்க வேண்டும் என்று டாக்டர் விளக்கியதும் அண்ணி படுக்கையிலிருந்து எழுந்துவிட்டார். “கரண்டா? அப்ப எனக்கும் அதுதானா? ஏன் மறைக்கிறீங்க?” அந்தக் கரண்ட் வேறு, இந்தக் கரண்ட் வேறு என்று புரியவைக்க எனக்கு அரை மணி நேரம் ஆனது. இதில் நிஜமாகவே கரண்ட் உண்டு, ஆனால் பயம் இல்லை. அதில் கரண்டே கிடையாது, ஆனால் அதுதான் பயம். இதை எப்படிச் சொன்னாலும் குழப்பமாகத்தான் இருக்கிறது. சாயங்காலமே பஸ் ஏறி வந்துவிட்டோம். கந்தர்வகோட்டையில் டீ குடித்தோம். அண்ணி இப்போதும் ஆடு மேய்க்கிறார்.

அண்ணி தப்பித்ததில் லியோனும் இருக்கிறது, அம்பிளிக்கையும் இருக்கிறது, உலக வங்கியும் இருக்கிறது, பேர் தெரியாத 92 பெண்களும் இருக்கிறார்கள். ஆனால் ஊர்ப் பாதையில் நின்று மடக்கிய நர்ஸ் இல்லாவிட்டால் மற்ற எல்லாம் பேப்பரில் நின்றிருக்கும். அந்த நர்ஸ் அப்போது ஒப்பந்த ஊழியர்.

2019 முதல் 2021 வரை எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், 30 முதல் 49 வயதுப் பெண்களில் ஒருமுறையாவது இந்தப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் இந்திய அளவில் 1.9 சதவீதம். தமிழ்நாட்டில் 9.8. நாட்டிலேயே அதிகம் என்று பெருமைப்பட்டுக்கொள்ளலாம். பத்தில் ஒன்பது பேர் செய்துகொள்ளவில்லை என்றும் படிக்கலாம். உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல் வைத்த இலக்கு, 2030-க்குள் 70 சதவீதம். அதுவும் வினிகர் போதாது, வைரஸின் மரபணுவையே கண்டுபிடிக்கும் சோதனை வேண்டும் என்கிறார்கள். வினிகரில் பார்க்கிறவர் கண்ணைப் பொறுத்து முடிவு மாறும் என்பது உண்மைதான். ஆக மறுபடி மிஷின், மறுபடி விலை, மறுபடி பேச்சுவார்த்தை. கோபால்ட் காலத்திலிருந்து இது ஒரு சுற்று.

போன தை மாதம் அந்த நர்ஸைப் பார்த்தேன். இப்போது வேறு சுகாதார நிலையத்தில் இருக்கிறார். கம்ப்யூட்டரில் எல்லாம் ஏற்றியாகிறது, இருந்தாலும் ஒரு நாற்பது பக்க நோட்டும் வைத்திருக்கிறார். வெள்ளை தெரிந்து, பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்து, போகாமல் இருக்கிறவர்களின் பெயர்கள் அதில். ஒரு பெண் திருப்பூரில் பனியன் கம்பெனியில். ஒருத்தி மாமியாருக்குத் தெரியக் கூடாது என்கிறாள். ஒருத்தியின் போன் நம்பர் மாறிவிட்டது. “எழுதிக் குடுக்குறது ஈசி டீச்சர், ஏத்திவிடுறதுதான்” என்று சொல்லிக்கொண்டே திருப்பூர்ப் பெண்ணின் நம்பரை மறுபடி அடித்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஷிப்டில இருப்பா, எட்டு மணிக்கு மேல பார்ப்போம் என்று பெயருக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்து நோட்டை மூடினார்.